நாலாயிரத்து இருநூறு நாற்காலி

டவுனில் கட்டி முடித்துவிட்டார்கள்.
நாலாயிரத்து இருநூறு நாற்காலி,
பாதி நீலம், பாதி மஞ்சள்.
மழைக்குத் தகரம், இரவுக்கு விளக்கு.
"இறுதியாட்டத்தை அங்கே வைத்துக்கொள்ளலாமா" என்று
லீக்கிலிருந்து கடிதம்.
கடைசி வரியில் மட்டும் ஒரு சந்தேகம்:
நிரம்புமா?

கணக்கென்றால் என்னிடம்தான் வரும்.
நான் பொருளாளர், வில்பிரட் ஆரோக்கியம்.
ஆறு நாள் ஸ்டோரில் தூள் சலிக்கிறவன்,
ஏழாம் நாள் டிக்கட் கிழிக்கிறவன்.

எங்கள் கிரவுண்டில் நாற்காலி கிடையாது.
ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கோயில்,
மிச்சம் இரண்டு பக்கமும்
பதினோராம் நம்பர் மலை.
பந்து ஆற்றில் விழுந்தால் ஆட்டம் நிற்கும்.
கீழ் டிவிசன் பொடியன்கள்
பாலத்தடியில் பிடித்துக் கொடுப்பார்கள்,
அதற்கு ஆளுக்கொரு பணிஸ்,
அதுவும் கணக்கில் உண்டு.

டிக்கட் ஐம்பது ரூபா.
போன மெச்சில் நூற்றெழுபத்தாறு கிழித்தேன்.
பிறகு நிமிர்ந்து மலையைப் பார்த்தேன்.
கவ்வாத்து வெட்டிய மலை,
ஒளிய ஓர் இலை இல்லை,
நிரைக்கு நிரை ஆள்.
கங்காணி மாதிரி விரல் நீட்டி எண்ணினேன்.
எண்ணூறு தாண்டும்போது
எவனோ கோல் அடித்துத் தொலைத்தான்,
எல்லாரும் இடம் மாறிவிட்டார்கள்.

வாசகசாலையில் கூட்டம்.
தலைவர் சந்தனம் சொன்னார்,
"சும்மா பார்க்க எண்ணூறு பேர் என்றால்
நாற்காலி போட்டால் நாலாயிரம்."
கோச் திலகேஸ்வரன் ஆமாம் என்றார்.
கோலி மதியழகன் பேசவில்லை,
கிளவுஸில் விட்டுப்போன தையலைப் போட்டுக்கொண்டிருந்தான்.
பெருமாயி வாசலிலேயே நின்றாள்.
ரைட் விங் ஞானசீலனுக்கு அக்கா,
மலையில் எப்போதும் மூன்றாம் நிரை.
"கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்றாள்.

ஐந்து இருபதுக்கு.
ஆட்டம் முடிய ஐந்தே முக்கால்.
போக வர இருநூற்றி நாற்பது,
டவுன் டிக்கட் நூற்றைம்பது,
ஒரு வீட்டில் மூன்று பேர் கிளம்பினால்
ஒரு நாள் பேர் போச்சு.
அந்தப் பேருக்கு எத்தனை கிலோ என்று
நான் சொல்லத் தேவையில்லை.
சந்தனம் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.

போனோம்.
கொழுந்து லொறி இரண்டு கிடைத்தது.
சாக்குக்குப் பதில் சனம்.
கிழித்தது அறுநூற்றுப் பதின்மூன்று.
தகரத்துக்குக் கீழே எங்களைப் பார்க்க
கலியாண வீட்டுக்கு
நாள் மாறி வந்தவர்கள் போல இருந்தது.

மூன்றாம் நிமிடம் பனி இறங்கியது.
மூவாயிரத்து ஐந்நூற்று எண்பத்தேழு நாற்காலியிலும்
வந்து உட்கார்ந்தது,
ஒரு சல்லி தராமல்.

பந்து தெரியவில்லை. பக்கத்து ஆள் தெரியவில்லை.
நடுவர் விசிலை ஊதிவிட்டு நின்றார்.
சும்மா இருக்க முடியாமல் யாரோ
"ஞானசீலா" என்றார்கள்.
மலையில் கத்தினால்
சத்தம் பள்ளத்தில் இறங்கிப் போய்விடும்.
இங்கே தகரத்தில் முட்டித் திரும்பி வந்தது.
இன்னொரு பேர், இன்னொரு பேர்,
பதினோரு பேரையும் கூப்பிட்டு முடித்தோம்,
மாற்று ஆட்டக்காரர்களையும் விடவில்லை.
அறுநூறு பேர்தான். சத்தியமாக
இரண்டாயிரமாகக் கேட்டது.

தோற்றோம், அது வேறு கணக்கு.

பெருமாயி ஆட்டம் முழுக்க
நீல நாற்காலியில் சாயாமல் இருந்தாள்,
முதுகில் கூடை இருக்கிற மாதிரி.
"எப்படி இருக்கு?" என்றேன்.
"வழுக்குது" என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
"அவன் பேரு நல்லா கேட்டுச்சு."

நேற்று லீக்குக்குப் பதில் எழுதினேன்.
ஐயா, நிரம்புமா என்று கேட்டிருந்தீர்கள்.
ஐந்து இருபது பஸ்ஸை
ஞாயிற்றுக்கிழமையில் மட்டும்
ஏழு மணிக்கு எடுக்கச் சொல்லுங்கள்.
பிறகு கேளுங்கள்.

முத்திரை ஐம்பது ரூபா.
செலவுப் பக்கத்தில்
ஒரு டிக்கட் என்று போட்டேன்.